அடுத்த பாண்டிடம் எதைப் பறிக்கப் போகிறார்கள்?

2025 பிப்ரவரியில் பிராக்கலி குடும்பம் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் கடிவாளத்தை அமேசான் கையில் கொடுத்தது. 1962இல் ‘டாக்டர் நோ’ வெளியானதிலிருந்து எந்த நடிகர், எந்தக் கதை, எந்தக் கார் என்பதையெல்லாம் அந்த ஒரு வீட்டார்தான் முடிவு செய்துவந்தார்கள். முதலில் ஆல்பர்ட் பிராக்கலியும் அவருடைய கூட்டாளி ஹாரி சால்ட்ஸ்மனும். பிறகு ஆல்பர்ட்டின் மகள் பார்பராவும், மனைவி வழி மகன் மைக்கேல் வில்சனும். 2022இல் 845 கோடி டாலர் கொடுத்து எம்ஜிஎம் நிறுவனத்தையே வாங்கியும் அமேசானால் பாண்ட் மீது கை வைக்க முடியவில்லை. அதற்கு இன்னும் மூன்று வருடம் பிடித்தது. பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன் தயாரிப்பாளர்கள். டெனி வில்நெவ் இயக்குநர். ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடரை உருவாக்கிய ஸ்டீவன் நைட் கதாசிரியர். இத்தனை பெயர்கள் வந்தும் ஊர் வாய் மென்றுகொண்டிருப்பது ஒரே கேள்வியைத்தான்: அடுத்த பாண்ட் யார்? இதற்குப் பந்தயம் கட்டுவது பிரிட்டனில் நெடுநாள் பொழுதுபோக்கு.

யார் என்பது இரண்டாவது கேள்வி. வரப்போகிறவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்பதே முதல் கேள்வி. நெடுநாள் ஓடிய சாகசப் படத்தொடர் ஒன்றில் நாயகனின் முகம் மாறும்போது, பழைய முகத்தோடு ஒட்டிக்கிடந்த ஏதோ ஒன்றை அவனிடமிருந்து எடுத்துவிட்ட படங்கள் நிமிர்ந்து நின்றிருக்கின்றன. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் மாற்றியவை தள்ளாடியிருக்கின்றன. காரணம் எளிது. புது நடிகரைப் பார்வையாளன் நம்புவதில்லை; ‘இவனா?’ என்றுதான் உட்காருகிறான். பழைய கார், பழைய மது, பழைய வசனம் என்று ஒவ்வொன்றாகத் திரையில் வரும்போது பழைய நடிகரும் கூடவே வந்துவிடுகிறார். மாறாக, நாயகனிடம் அவை எதுவுமே இல்லாமல் செய்துவிட்டால் ஒப்பிட ஆளில்லை. அதோடு, கதைக்குள் இருப்பவர்களும் அவனை நம்பாதபடி செய்துவிட்டால், பார்வையாளனின் சந்தேகம் படத்துக்கு எதிரியாக இல்லாமல் படத்தின் எரிபொருளாகிவிடுகிறது.

இதற்கு 2006இல் வந்த ‘கேசினோ ராயல்’ போல இன்னொரு சாட்சி கிடையாது. 2005 அக்டோபரில் டேனியல் கிரெய்கை அறிவித்தபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பாருங்கள். தலைமுடி பொன்னிறம் என்றார்கள், உயரம் போதாது என்றார்கள், படத்தைப் புறக்கணிக்க இணையதளமே திறந்தார்கள். தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? விதவிதமான கருவிகள் தரும் கியூ இல்லை. செயலாளர் மணிபென்னி இல்லை. மதுவைக் குலுக்கவா கலக்கவா என்று பரிமாறுபவர் கேட்டால், அதைப் பற்றிக் கவலைப்படுகிறவன் போலவா தெரிகிறேன் என்று பாண்ட் எரிந்து விழுகிறான். உலகமே அறிந்த அந்த இசை முழுதாக ஒலிப்பது கடைசி நொடிகளில், அவன் தன் பெயரைச் சொன்ன பிறகு. மடகாஸ்கர் துரத்தல் காட்சியில், துரத்தப்படுகிறவன் சுவரின் உச்சியில் உள்ள சிறு இடைவெளியில் மீன்போல நழுவிப் போகிறான். பாண்ட் அதே சுவரை உடைத்துக்கொண்டு போகிறான். நளினத்தைக்கூட எடுத்து எதிரிக்குக் கொடுத்துவிட்டார்கள். பிற்பாதியில், அடிப்பாகம் இல்லாத நாற்காலியில் அவனைக் கட்டிவைத்து அடிக்கும்போது உடம்பில் ஒரு நூல்கூட இல்லை. இவையெல்லாம் போக, மேலதிகாரி எம் அவனை ஒரு முரடனாகவே பார்க்கிறார். அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்தது அவசரக் காரியம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். கிரெய்கைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதும் ஏறக்குறைய அதுதான். படம் உலகம் முழுக்கச் சுமார் 60 கோடி டாலர் வசூலித்தது.

இந்தத் துணிச்சல் புது ரத்தத்தால் வந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் இதில் சுவாரசியம். தயாரிப்பாளர்கள் பழையவர்கள். எழுத்தாளர்களில் நீல் பர்விஸும் ராபர்ட் வேடும், கண்ணுக்குத் தெரியாத காரை ஓட்டிய ‘டை அனதர் டே’ படத்தை 2002இல் எழுதிய அதே இருவர். பால் ஹேகிஸ் மட்டும் புதிதாகச் சேர்ந்தார். இயக்குநர் மார்ட்டின் கேம்பெல் 1995இலேயே ‘கோல்டன்ஐ’ மூலம் பியர்ஸ் பிராஸ்னனை அறிமுகம் செய்தவர். ‘டை அனதர் டே’ தோற்ற படமும் அல்ல; சுமார் 43 கோடி டாலர் சம்பாதித்து, அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே வசூலில் முதலிடம் பிடித்தது. ஓடிக்கொண்டிருந்த குதிரையை விட்டு அவர்களே இறங்கினார்கள். கதைக்குத் தேவையான முதல் பாண்ட் நாவலின் உரிமையும் அவர்களிடம் வெகுகாலம் இல்லை. 1999இல் சோனியோடு நடந்த ஓர் உடன்படிக்கையில், ஸ்பைடர்மேன் மீதிருந்த உரிமைகோரலை எம்ஜிஎம் விட்டுக்கொடுத்து இதைப் பெற்றது. வலைவீசும் சிறுவனைக் கொடுத்து உளவாளியை வாங்கிய அந்தப் பேரத்தில் இரு தரப்பும் கொழித்தன என்பது தனிக்கதை.

இதற்கு நேர்மாறானது 1969. ஷான் கானரி விலகிய இடத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விளம்பர மாடல் ஜார்ஜ் லேசன்பியை நிறுத்தினார்கள். ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’ படத்தின் டைட்டில் காட்சியிலேயே முந்தைய படங்களின் துண்டுகள் ஓடுகின்றன. முதல் சண்டை முடிந்ததும், அந்த இன்னொரு ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததே இல்லை என்று நாயகனே ஏறக்குறைய கேமராவைப் பார்த்து முணுமுணுக்கிறான். வேலையை விடப்போவதாக அவன் மேசை இழுப்பறையைக் காலி செய்யும் காட்சியில், முந்தைய படங்களின் கத்தியும் கைக்கடிகாரமும் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. புது மாப்பிள்ளையை மணமேடையில் உட்காரவைத்து, பழைய மாப்பிள்ளையின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிக் காட்டுவது போன்ற காரியம் அது. படம் தோல்வி என்பது பின்னாளில் பரவிய கதை. லாபம் வரத்தான் செய்தது, ஆனால் கானரி படங்களின் அளவுக்கு வரவில்லை. விசித்திரம் என்னவென்றால், பாண்டிடமிருந்து மிகப் பெரிய ஒன்றைப் பறித்த படமும் இதுவே: கல்யாணம் முடிந்த கையோடு மனைவி சுடப்பட்டு இறக்கிறாள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். இரண்டு மணி நேரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கடைசியில் செய்தார்கள். இன்று கிறிஸ்டோபர் நோலன் தொடங்கிப் பலர் இதைத் தலைசிறந்த பாண்ட் படமாகக் கொண்டாடுவதும், 2021இல் கிரெய்கின் கடைசிப் படம் இதன் இசையை எடுத்து ஆண்டதும், அந்தக் கடைசிக் காட்சியின் பலம்.

லேசன்பி ஒரே படத்தோடு விலக, கானரியைப் பெரும் சம்பளம் கொடுத்துத் திரும்ப அழைத்தார்கள். 1973இல் மறுபடி முகம் மாறியபோது தயாரிப்பாளர்கள் பாடம் கற்றிருந்தார்கள். ‘லிவ் அண்ட் லெட் டை’ படத்தில் ரோஜர் மூருக்கு மார்ட்டினி கிடையாது, போர்பன் விஸ்கி. சிகரெட்டுக்குப் பதில் சுருட்டு. கியூ வரவே இல்லை. பாண்ட் அலுவலகத்துக்குப் போவதில்லை. விடியும் முன்பே எம் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டியவன் மாடிப் பேருந்தை ஓட்டிப் பாலத்தில் மோதி மேல்தளத்தைப் பெயர்த்துவிடுகிறான். கானரியை ஞாபகப்படுத்தும் ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துக் கழற்றியிருக்கிறார்கள். மூர் 12 வருடம், ஏழு படம் நிலைத்தார். 1983இல் கானரியே வேறொரு தயாரிப்பில் பாண்டாகத் திரும்பி வந்தபோதும், அதே ஆண்டு வந்த மூரின் ‘ஆக்டோபஸி’தான் வசூலில் முந்தியது. (உதய்ப்பூரில் எடுத்த அந்தப் படத்தில் பாண்டின் கூட்டாளியாக வந்து டென்னிஸ் மட்டையால் எதிரிகளை விளாசியவர் சென்னையின் விஜய் அமிர்தராஜ்.) ‘அசல்’ ஆளே எதிரே வந்து நின்றும் அடுத்தவர் இருக்கை ஆடவில்லை.

இந்த இடத்தில் சிலர் கேட்கலாம்: பாண்ட் ஒரு பதவி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம், நடிகரோடு ஒன்றிப்போன நாயகனுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? பாண்டைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. கானரிக்கு எட்டு வருடம் முன்பே, 1954இல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேரி நெல்சன் அவனை நடித்துவிட்டார். எண்பதுகளில் ராணி காமிக்ஸ் வழியே பாண்டைச் சந்தித்த தமிழ் வாசகர்களுக்கு அவன் லண்டன் நாளிதழின் ஓவியர்கள் கறுப்பு மையில் தீட்டிய ஆள். எந்த நடிகரும் அல்ல. ஆனால் மேட் மேக்ஸ் அப்படி இல்லை. அவன் மெல் கிப்சனின் உடம்பில் பிறந்தவன். மூன்று படங்களிலும் அவரே. 30 வருட இடைவெளிக்குப் பின் 2015இல் ‘ஃபியூரி ரோட்’ எடுத்த ஜார்ஜ் மில்லர் என்ன செய்தார்? படம் தொடங்கிய சில நிமிடங்களில் மேக்ஸைப் பிடித்து, முடியை மழித்து, முகத்தில் இரும்புக் கவசம் பூட்டி, ரத்தம் எடுக்கும் பையாக ஒரு காரின் முகப்பில் கட்டிவிட்டார். அடையாளமான அவனுடைய காரை எதிரிகள் பிடுங்கிக்கொள்கிறார்கள். கதையை முன்னின்று நடத்தும் உரிமையும் ஃபியூரியோசா என்ற பெண்ணுக்குப் போகிறது. அவள் அவனை நம்ப நேரம் எடுத்துக்கொள்கிறாள், அவளிடம் அவன் தன் பெயரைச் சொல்வதே முடிவுக்குச் சற்று முன்புதான். முகமே சரியாகத் தெரியாத ஒருவனை யாரோடு ஒப்பிடுவது? புது மேக்ஸான டாம் ஹார்டி கிப்சனைப் போல இல்லையே என்று குறைப்பட யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. படம் ஆறு ஆஸ்கர் வென்றது.

மூன்று வருடம் கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகன் ஹான் சோலோவுக்கு நடந்தது இதற்கு எதிர்ப்பாடம். ஹாரிசன் ஃபோர்டின் இடத்தில் ஆல்டன் எரன்ரைக். தேர்ந்த நடிகர், நடிப்பிலும் பெரிய குறை இல்லை. ஆனால் ‘சோலோ’ படம் பழையதைக் கழற்றுவதற்குப் பதில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டது: குடும்பப் பெயர் எப்படி வந்தது, துப்பாக்கி யார் கொடுத்தது, நண்பன் சூபாக்காவை எங்கே சந்தித்தான், அந்தப் புகழ்பெற்ற கப்பல் எப்படிக் கைக்கு வந்தது. படம் ஒரு கணக்குப் புத்தகமாகிவிட்டது. ஒவ்வொரு வரவும் ஃபோர்டின் பெயரில் எழுதப்பட்டது. பாதியில் இயக்குநர்களை மாற்றி ரான் ஹவர்டைக் கொண்டுவந்த குழப்பமும் சேர்ந்து, சுமார் 39 கோடி டாலரோடு ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் முதல் நஷ்டப் படமானது. படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் இதிலிருந்து எடுத்த முடிவு, புகழ்பெற்ற பாத்திரங்களுக்கு ஆள் மாற்றவே கூடாது என்பது. என் கணிப்பில் அது தவறான பாடம். அந்தப் பாடத்தின் விலையை 2023இல் கொடுத்தார்கள்: 80 வயது ஃபோர்டையே இண்டியானா ஜோன்ஸாக நிறுத்தி, ஆரம்பக் காட்சிகளில் கணினியால் அவர் முகத்தை இளமையாக்கி, மிகப் பெரும் செலவில் எடுத்த படம் ஏறக்குறைய அதே 38 கோடியில் நின்றுபோனது. அதற்கு வெகுகாலம் முன்பே, 2009இல், ஜே.ஜே. ஏப்ரம்ஸ் வேறு வழி காட்டியிருந்தார். ‘ஸ்டார் ட்ரெக்’ மறுதொடக்கத்தில் நாயகன் கிர்க்கின் தந்தை முதல் காட்சியிலேயே சாகிறார், அவன் தோழன் ஸ்பாக்கின் கிரகமே அழிகிறது, கிர்க் தண்டனைக் காலத்தில் திருட்டுத்தனமாகக் கப்பல் ஏறுகிறான். பழைய கதாபாத்திரங்களில் ஒன்றைக்கூடக் கைவிடாமல், பழைய வரலாற்றை மட்டும் எடுத்துவிட்டார்.

இந்த வாதத்துக்கு எதிரே நிற்கும் மிகக் கடினமான சாட்சி திமோத்தி டால்டன். 1989இல் வந்த ‘லைசன்ஸ் டு கில்’ பாண்டிடமிருந்து கொலை உரிமத்தையே பறித்தது. அரசு அவனைக் கைவிட்டது. இருந்தும் அமெரிக்காவில் படம் படுத்துவிட்டது, டால்டனும் அதற்குப் பின் பாண்டாக வரவில்லை. ஒரு பகுதி விடை காலத்தில் இருக்கிறது: பேட்மேனும் இண்டியானா ஜோன்ஸும் திரையரங்குகளைப் பிடித்திருந்த கோடை அது, அடுத்து வந்த சட்டச் சிக்கல்கள் ஆறு வருடத்தை விழுங்கின. இன்னொரு பகுதி, பறித்த வரிசையில் இருக்கிறது. டால்டனின் அறிமுகப் படமான ‘தி லிவிங் டேலைட்ஸ்’ அவருக்காகத் தைத்த சட்டை அல்ல. 1986இல் பிராஸ்னனைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அவருடைய தொலைக்காட்சி ஒப்பந்தம் குறுக்கே வந்ததால் கடைசி நேரத்தில் டால்டன். ஆகவே இறுக்கமான முகத்தோடு அவர் செல்லோ வாத்தியப் பெட்டியில் உட்கார்ந்து பனிச்சரிவில் சறுக்க வேண்டியிருந்தது; மூர் செய்திருந்தால் சிரித்திருப்போம். இரண்டாம் படத்தில் உரிமம் போனது சரி, ஆனால் பெட்டி நிறையக் கருவிகளோடு கியூ அவன் பின்னாலேயே வந்துவிடுகிறார். கியூவாக நடித்தவருக்கு இந்த வரிசையில் கிடைத்த மிகப் பெரிய பங்கே அதுதான். ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்தார்கள். ஆனாலும் இந்த விளக்கங்கள் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுவதாக நான் சொல்ல மாட்டேன். கழிப்பது நாயகனைக் காப்பாற்றும். கல்லாவைக் காப்பாற்றும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

ரசிகன் பழையவற்றுக்காகத்தானே சீட்டு வாங்குகிறான் என்பது அடுத்த ஆட்சேபம். பிராஸ்னனின் ‘கோல்டன்ஐ’ கருவி, கார், சூதாட்ட மேசை என எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே 35 கோடி டாலர் சம்பாதிக்கவில்லையா? சம்பாதித்தது. ஆனால் அந்தப் படம் பறித்தது பொருளை அல்ல, மரியாதையை. சோவியத் யூனியன் மறைந்துவிட்டது. அவனுடைய போரே முடிந்துவிட்டது. புதிய எம் ஒரு பெண், ஜூடி டென்ச். பாண்ட் காலாவதியான, பெண்களை மதிக்கத் தெரியாத ஒரு பழைய விலங்கு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆறு வருடம் கழித்து இவன் எதற்கு என்று அரங்கில் இருந்தவர்கள் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார். எனவே கழற்ற வேண்டியது காரா கௌரவமா என்பதைக் காலம் முடிவு செய்யட்டும். கழற்றியவற்றைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது என்பதும் இல்லை. கிரெய்குக்கு கியூவும் மணிபென்னியும் கிடைத்தது மூன்றாவது படமான ‘ஸ்கைஃபால்’இல், 2012இல்; அதிலேயே பழைய ஆஸ்டன் மார்ட்டினையும் கொண்டுவந்து, சுட்டுப் பொசுக்கினார்கள். துப்பாக்கிக் குழலுக்குள்ளிருந்து பாண்டைப் பார்க்கும் அந்தத் தொடக்கக் காட்சி அதற்குரிய முதலிடத்துக்குத் திரும்பியது நான்காவது படத்தில். சம்பாதித்தவனுக்குச் சொத்து சேர்ந்தது. அதனால்தான் ‘ஸ்கைஃபால்’ 110 கோடி டாலரைத் தாண்டியபோது அந்தக் கார் கானரியை அல்ல, கிரெய்கை நினைவூட்டியது.

அப்படியானால் இப்போது எதைக் கழற்றுவது? இங்கேதான் வில்நெவின் வேலை கேம்பெலின் வேலையைவிடக் கடினமாகிறது. கிரெய்கின் கடைசிப் படம் பாண்டின் உயிரையே எடுத்துவிட்டது. பொருள், பதவி, மரியாதை, உயிர் எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை பறிபோய்விட்டன. மறுபடி ஒரு முரட்டு இளைஞன், மறுபடி கொலை உரிமம் பெற்றுத்தரும் முதல் இரண்டு கொலைகள் என்று ஆரம்பித்தால் அது 2006இன் நகல். ஆனால் கிரெய்க் காலம் பறித்ததைவிட அமைதியாகச் சேர்த்தது ஒன்று இருக்கிறது: மனக்காயம். அனாதைச் சிறுவன், ஸ்காட்லாந்தில் பூர்வீக வீடு, பெற்றோரின் கல்லறை, காதலியின் துரோகம், கடைசியில் 2015இன் ‘ஸ்பெக்டர்’இல் உலகின் தலையாய வில்லனே சிறுவயதில் கூட வளர்ந்தவன் என்ற கேலிக்கூத்து. ஐந்து படங்களும் ஒரே நெடுங்கதையாகி, உளவு வேலை அவனுடைய குடும்பத் தகராறாகச் சுருங்கியது. கிரெய்க் அந்தப் பாரத்தை அருமையாகச் சுமந்தார். அதனாலேயே அது இனி அவருடையது. அடுத்தவரிடமிருந்து எடுக்க வேண்டியது இந்த முன்கதையைத்தான். காலையில் வேலைக்குப் போய், ஏன் போகிறோம் என்று யாரிடமும் விளக்காத ஒரு மனிதனாக, ஒரு படத்தில் தொடங்கி அதே படத்தில் முடியும் ஒருவனாக அவன் வரட்டும்.

இதை அமேசான் ஏற்பது சிரமம் என்பதற்கு வணிகக் காரணம் இருக்கிறது. முன்கதைதான் கிளைத்தொடர்களுக்கு விதை. சந்தா விற்கும் நிறுவனத்துக்கு ஒரே படத்தில் முடியும் மனிதனால் லாபம் குறைவு. இன்னொரு காரணம் சட்டத்தில் இருக்கிறது. பாண்டைப் படைத்த இயான் ஃப்ளெமிங் 1964இல் இறந்தார். பிரிட்டனில் அவருடைய நாவல்களின் பதிப்புரிமை 2034 முடிவோடு தீர்கிறது. அமெரிக்காவில் இன்னும் தள்ளி. இறப்புக்குப் பின் 60 ஆண்டு என்ற இந்தியச் சட்டப்படி, அவர் வாழ்ந்தபோது வெளியான நாவல்களுக்கு 2024 முடிவோடே இங்கே காலம் முடிந்துவிட்டது. நாவலில் உள்ள பாண்ட் மெல்ல மெல்லப் பொதுச் சொத்தாகிக்கொண்டிருக்கிறான்; நிறுவனம் தன்னுடையது என்று இறுகப் பிடித்துக்கொள்ளக்கூடியவை சினிமா சேர்த்தவை மட்டுமே, அதாவது அந்த இசை, அந்தத் துப்பாக்கிக் குழல், படங்கள் உருவாக்கிய பாவனைகள். புது முகத்துக்காகக் கொஞ்சநாள் ஒதுக்கிவைக்க வேண்டியவை எவையோ, உரிமையாளர் முதல் நொடியிலிருந்து காட்ட விரும்பக்கூடியவையும் அவையே.

பிராக்கலி குடும்பத்துக்கு இந்த நெருக்கடி இருந்ததில்லை. அவர்களுக்கு அடுத்த காலாண்டை விட அடுத்த பத்தாண்டு முக்கியமாக இருந்தது. இப்போது இருப்பவர்களில் நம்பிக்கை தருகிறவர் வில்நெவ். 2017இல் அவர் எடுத்த ‘பிளேட் ரன்னர் 2049’ முந்தைய படத்துக்கு 35 வருடம் கழித்து வந்தது. அதில் புது நாயகன் ரயன் காஸ்லிங். ஹாரிசன் ஃபோர்டைப் படம் பாதிக்கு மேல் ஓடும்வரை கண்ணில் காட்டவில்லை. தான்தான் அந்த அதிசயக் குழந்தை என்று நம்பத் தொடங்கும் நாயகனிடம், அது நீ இல்லை என்று சொல்லி அவனுடைய தனித்தன்மையையே எடுத்துவிட்டார் வில்நெவ். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். போட்ட பணத்துக்கு ஏற்ற வசூல் மட்டும் வரவில்லை. 845 கோடி டாலருக்கு எம்ஜிஎம்மை வாங்கியவர்கள் அவரிடம் எந்த வில்நெவை எதிர்பார்க்கிறார்கள் என்பதை நடிகரின் பெயர் சொல்லிவிடாது. முதல் முன்னோட்டத்தில் அந்த இசை ஒலிக்கிறதா என்று காது கொடுத்தால் ஓரளவு தெரிந்துவிடும்.